லில்லி மேன்ஷன் மாடி வீட்டுச் சாவி

சன்னல் ஓரத்துல நீயே உட்காரும்மா. எனக்குக் காத்து ஒத்துக்காது, காது குடையும். இந்தப் பையை மட்டும் இடிக்காம பாத்துக்க, உள்ள பூவும் பழமும் இருக்கு. தங்கச்சி புது வீட்டுல பால் காய்ச்சறா, அங்கதான் போறேன். ராயபுரம். கல்மண்டபத்துல இறங்கி ரெண்டு தெரு உள்ள போனா லில்லி மேன்ஷன். மாடி வீடு.

போன் அடிக்குதேன்னு பாக்கறியா? அடிக்கட்டும். அவதான். சுகந்தி. பூசை முடிஞ்சு பத்து மணிக்கு ஃபாதர் வந்துடுவார், அதுக்கு முன்னாடி வந்துடுக்கான்னு நேத்தே சொன்னா. இப்ப பத்து தாண்டியிருக்கும். எல்லாரும் மாடிப்படியில நின்னுக்கிட்டிருப்பாங்க. உள்ள போக முடியாது, கதவு பூட்டியிருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு. ஒரே சாவி. இதோ பாரு, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன்.

நிக்கட்டுமே. கொஞ்ச நேரம் நின்னா கால் தேய்ஞ்சா போயிடும்? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் வாடகை வீட்டு வாசல்ல நிக்கறேன், என்னை யாராவது கேட்டாங்களா?

பொறாமைன்னு நினைச்சுடாதேம்மா. கூடப் பொறந்தவ வீடு வாங்கினா யாருக்காவது பொறாமை வருமா? எனக்கு வயித்தெரிச்சல் எல்லாம் கிடையாது. காலையிலேருந்து நெஞ்சு எரியுது, அது வேற. நேத்து மசால் வடை சாப்பிட்டேன்.

விஷயம் என்னன்னா, அது நான் பாத்த வீடு. நான்தான் முதல்ல பாத்தேன்.

நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. முன்னாடியெல்லாம் ராயபுரம்னா மூக்கைப் பொத்துவாங்க. மீன் வாசனை, லாரி, சாக்கடைன்னு பேச்சு. என் பெரியம்மா பொண்ணுக்கு அங்கேருந்து ஒரு வரன் வந்து, வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்க. இப்ப மெட்ரோ ஓடுது. பாதித் தெருவுல பழைய வீட்டைப் போட்டோ பிடிக்கறாங்க. லில்லி மேன்ஷனுக்குக் கீழேயே ஒருத்தன் காப்பிக் கடை வச்சிருக்கான். சுவத்துக்குப் பூச்சே கிடையாது, செங்கல்லு பல்லை இளிக்குது, அதுக்குத்தான் கூட்டமாம். எங்க வீட்டுல செங்கல் தெரியுதுன்னு ஓனரோட நான் சண்டை போடறேன், அங்க செங்கல் தெரிய காசு வாங்கறான்!

போன சித்திரையில காசிமேட்டுக்கு வஞ்சிரம் வாங்கப் போனேன். புரோக்கர் பன்னீர் வழியில பிடிச்சுக்கிட்டான். "யக்கா, உனக்குன்னே ஒரு வீடு வந்திருக்கு, சின்னது, பழசு, வா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடு"ன்னான். மீனும் கையுமா போனேன்.

என்ன சொல்றது போ. ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, தெருவைப் பாக்கறாப்பல வளைஞ்ச பால்கனி. அவ்வளவுதான். ஆனா தரை இருக்கே, சிவப்புத் தரை, வெள்ளைக்காரன் காலத்துல போட்டது, கால் வச்சா ஜில்லுன்னு மேல ஏறும். வாசல் கதவு பர்மா தேக்கு, ரெட்டைக் கதவு. கதவுக்கு மேல அரை வட்டமா கலர் கண்ணாடி. காலையில வெயில் வந்தா தரையில பச்சையும் மஞ்சளும் விழும். நான் அதுல கால் வைக்காம தாண்டித்தான் போனேன், கோலத்தைத் தாண்டற மாதிரி.

வீட்டுக்காரங்க டயஸ் அம்மா. சட்டைக்காரங்க, ஆங்கிலோ இந்தியன். மக கூட இருக்கப் பெங்களூர் போறாங்களாம். "கம் மா, கம். செருப்பு கழட்டாதே, ஃபுல் டஸ்ட். நீ ஃபிஷ் வாங்கியா? என்ன ஃபிஷ்?"ன்னு பையை எட்டிப் பாத்தாங்க. ஒரு துண்டு வெட்டிக் குடுத்துட்டு வந்தேன். அவ்வளவு பிடிச்சுப் போச்சு அந்த வீடு எனக்கு.

எங்க வீட்டுக்காரர் வேலை பாத்த கம்பெனி மூடி அந்த பி.எஃப். பணம் வரணும். வர்றதுக்குள்ள ஆனி கடைசி ஆயிடுச்சு. மறுநாள் ஆடி. ஆடியில யாராவது வீட்டுக்கு முன்பணம் குடுப்பாங்களா? இவர் என்னடான்னா, "டோக்கனாவது குடுத்துடலாம் இந்திராணி, பழைய வீடு, நாலு பேர் கண்ணுல பட்டுடும்"னார். "ஆடியில கை வச்ச காரியம் உருப்படுமா? வாயைக் கழுவுங்க"ன்னேன். பன்னீரும் தலைகீழா நின்னான். "யக்கா, ஆடி அது பாட்டுக்குப் போயிடும், கூடவே வீடும் போயிடும்"னான். "ஆவணி பொறந்ததும் நான்தான்டா முதல் ஆள், போடா"ன்னு சொல்லிட்டேன். இவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன். அழுத்திச் சொல்ற ஆளா இவர்? இவருக்கு வாழ்க்கைப்பட்டு நான் எதைத்தான் கண்டேன்?

சரி, அதை விடு. ஆடி ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல கூழ் ஊத்துவேன். சுகந்தி லூர்துவைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போனதுக்கு அப்புறமும் கூழுக்கு மட்டும் தவறாம வந்துடுவா. கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கிட்டே கேக்கறா, "அக்கா, அவர் உன்னை லில்லி மேன்ஷன் வாசல்ல பாத்தாராமே. வீடு பாக்கறீங்களா?"

எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ஒரு காரியம் முடியறதுக்கு முன்னாடி வெளியில சொல்லலாமாம்மா? கண்ணு பட்டுடாது? அதுவும் சொந்தக்காரங்க கண்ணு. எங்க நாத்தனார் இப்படித்தான் மாப்பிள்ளை முடிவாகறதுக்கு முன்னாடி ஊரெல்லாம் சொல்லி, அது நின்னு போச்சு. அதனால நான் சுதாரிச்சுக்கிட்டேன்.

"அய்ய, அது வீடா? பாத்தோம், விட்டுட்டோம்"னேன்.

"ஏங்க்கா?"

"படிக்கட்டு செங்குத்தா இருக்கு. மேல ஏறறதுக்குள்ள உசிரு போயிடும். கூரையில மரத்தையெல்லாம் கரையான் தின்னுட்டிருக்கு. மழை பெஞ்சா ஹால்ல குடை பிடிக்கணும். அந்தம்மா வேற பூனை வளத்து வளத்து, மூத்திர வாடை."

பூனையே கிடையாது அங்க. ஒரு வேகத்துல சொல்லிட்டேன்.

"அப்ப நாங்க வேணா ஒரு தடவை போய்ப் பாக்கட்டுமா? நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரியும் கிட்டக்க. லூர்துவும் பழைய வீடா இருந்தா நல்லா இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருக்கார்."

"தாராளமா பாரு"ன்னேன். அவ்வளவு சொன்ன பிறகு யாராவது போய்ப் பாப்பாங்களா? நீயே சொல்லு.

அவ கூழை வச்சுட்டு என் முகத்தையே பாத்தா. "உனக்கு நிச்சயமா வேண்டாமாக்கா? நீ ஆசைப்பட்டா நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"வேண்டவே வேண்டாம். பத்திரத்துல எழுதித் தரணுமா?"ன்னேன்.

ஆடி முடியல. முடியறதுக்குள்ள ஜாங்கிரி டப்பாவோட வந்து நிக்கறா. "அக்கா, முன்பணம் குடுத்துட்டோம்க்கா! நீ சொன்ன அளவுக்கு மோசமில்லை. பூனை கூட எங்கயோ போயிடுச்சு போல."

எப்படி இருக்கும் எனக்கு? ஆடியில குடுத்திருக்கா! பொறந்தது ஆடிக் கூழுக்கும் வேப்பிலைக்கும் நடுவுல. மாதா கோயிலுக்குப் போனதும் அவளுக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. எல்லா மாசமும் நல்ல மாசம். குடுத்து வச்சவ. நான் காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ வீட்டைப் பாத்துக்கிட்டு வந்துட்டா.

"ரொம்ப சந்தோஷம்டி"ன்னு சொன்னேன். சொல்லிட்டு அந்த டப்பாவை அப்படியே நான் ஒருத்தியே தின்னு தீத்தேன். இவருக்கு ஒண்ணு கூடத் தரல. "நீதானே வேண்டாம்னு சொன்னே?"ன்னு கேட்டார் பாரு, அதனாலயே தரல.

நீ படிச்ச பொண்ணு, ஞாயத்தைச் சொல்லு. நான் எட்டாவதோட நின்னவ. ஏன் நின்னேன்? எங்க அம்மா படுத்த படுக்கை, இவ கைக்குழந்தை, பாத்துக்க ஆள் இல்லை. இவளை இந்த இடுப்புலதான் தூக்கி வளத்தேன். இவ நர்சுக்குப் படிச்சா. அதுல எனக்கு வருத்தமே கிடையாது. ஆனா படிச்சவளுக்கு இது தெரிய வேண்டாம்? அக்கா ஒண்ணை வேண்டாம் வேண்டாம்னு அவ்வளவு அடிச்சுச் சொல்றாளே, அப்ப அவளுக்கு அது எவ்வளவு வேணும்னு தெரிய வேண்டாம்? ஊசி எந்த நரம்புல போடணும்னு தெரியுது, கூடப் பொறந்தவ மனசு தெரியலையே.

மறுபடியும் அடிக்குது பாரு. அடிக்கட்டும்.

இல்லம்மா, எடுக்கறேன், எடுக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்லை.

சாவி எப்படி என்கிட்ட வந்துச்சுன்னு கேக்கறியா? பத்திரம் முடிஞ்சதும் பெயிண்ட் அடிக்க ஆள் விட்டாங்க. அவளுக்கு ஷிஃப்ட் வேலை, லூர்துவுக்கு ஹார்பர்ல வேலை. "அக்கா, நீ போய் ஆளுங்களைப் பாத்துக்கறியா? உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா"ன்னு சாவியைக் கையில குடுத்தா. அவ மாமியார் அந்தோணியம்மா அங்கயேதான் இருந்தாங்க, மூணாவது தெருவுல வீடு. அவங்களுக்குக் குடுக்கலை. எனக்குத்தான் குடுத்தா. அந்தம்மாவுக்கு முகம் இவ்வளவா ஆயிடுச்சு.

தினமும் போனேன். எண்ணூர்லேருந்து இந்த வண்டியிலதான். சோறு கட்டிக்கிட்டுப் போயிடுவேன். பெயிண்டருங்க மட்டமான ஆளுங்க, நான் இல்லேன்னா சுவத்துக்கு அடிக்கறதைத் தரைக்கு அடிச்சுட்டுப் போயிடுவாங்க. தரையை நான்தான் தேச்சேன். தேங்காய் நார் வச்சு, எண்ணெய் தொட்டு, மூலை மூலையா. முட்டி போட்டுத் தேச்சேன், இன்னும் வலிக்குது. அந்தத் தரையில இப்ப முகம் தெரியும்மா. அவ காசு குடுத்தா, சரி. முகம் தெரியற மாதிரி ஆக்கினது யாரு?

மத்தியானம் பால்கனியில உக்காந்து சாப்பிடுவேன். சாப்பிட்டதும் அந்தக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுட்டு, ஹால் நடுவுல சும்மா படுத்துப்பேன். சும்மாதான். காவலுக்கு.

சுகந்தி எல்லா சுவத்துக்கும் வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தா. ஆஸ்பத்திரியில பாக்கறது போதாதா? நான் இளமஞ்சள் சொல்லிட்டேன். அந்தக் கண்ணாடி வெளிச்சத்துக்கு இளமஞ்சள்தான் எடுக்கும். அவ வந்து பாத்தா ஒரு சண்டை இருக்குன்னு தயாரா இருந்தேன். என்ன பேசணும்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். வந்தா, சுத்திப் பாத்தா, "நல்லாத்தான் இருக்குக்கா, நான் சொன்னதை விட நல்லா இருக்கு"ன்னுட்டுப் போயிட்டா. இப்படி ஒருத்தி இருந்தா யாரு கூடத்தான் சண்டை போடறது? மனுசங்களுக்குக் கொஞ்சமாவது கோவம் வர வேண்டாம்?

கீழ காப்பிக் கடைப் பையன் என்னை "ஓனர் மேடம்"னுதான் கூப்பிடுவான். "ஓனர் மேடம், மேல எப்போ குடி வரீங்க?"ன்னு கேட்டான். "பாக்கலாம், ஐப்பசியில"ன்னேன். பொய் இல்லையே? ஐப்பசியிலதானே குடி வராங்க? நீங்கதான் ஓனரான்னு அவன் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். அவன் கேக்கலை.

நேத்து அவ வந்து என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, நீ எப்ப வேணாலும் வந்து தங்கு, இது உன் வீடு மாதிரி." மாதிரி! அந்த ஒரு வார்த்தை ராத்திரி முழுக்கத் தூங்க விடலை. அப்புறம், "நீதான் கதவைத் திறக்கணும், நீதான் அடுப்பைப் பத்த வைக்கணும், அம்மா இருந்தா அம்மா செய்வாங்க"ன்னா. திறந்து விட்டுட்டு சாவியை அவ கையில குடுத்துடணும், அதானே? அதுக்குத்தானே இந்த மரியாதை எல்லாம்?

என்னது? கல்மண்டபம் தாண்டிடுச்சா? தெரியும்மா. பாத்தேன். நானும் பாத்தேன்.

போகட்டும். எனக்கு என்ன நஷ்டம், பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. பாரிமுனை வரைக்கும் போய், அங்க ஒரு டீ குடிச்சுட்டு, எதிர் வண்டியில வருவேன். ட்ராஃபிக்னு சொன்னா முடிஞ்சுது.

நீ ஏம்மா அப்படிப் பாக்கறே? சரி, எடுக்கறேன். உனக்காக எடுக்கறேன்.

அலோ. ஆங், நான்தான். பஸ்சுலதான்டி இருக்கேன், ஒரே நெரிசல், மெட்ரோக்காரன் ரோட்டை அடைச்சு வச்சிருக்கான். எங்கயா? இங்கதான், கிட்டக்க. எல்லாரும் வந்தாச்சா? ஃபாதர் என்ன பண்றார்? படியில உக்காந்துட்டாரா? சரி சரி, இருங்க. அது யாரு பின்னாடி கத்தறது? உன் மாமியாரா? என்ன சொல்றாங்க? என்னது, சுத்தியலா? எதுக்குச் சுத்தியல்?

அடியே! உடைக்கறதாவது! கீழ போடச் சொல்லுடி! அந்த நாதாங்கி பலகையோட சேத்து அடிச்சது, ஒரு அடி விழுந்தா பலகை நீளத்துக்கும் பிளந்துடும்! மேல கண்ணாடி இருக்கு, அதிர்ந்து உதிர்ந்துடும்! எந்தக் கடையில போய் வாங்குவீங்க அந்தக் கண்ணாடியை? லூர்துகிட்ட சொல்லு, அந்தக் கதவுல யாராவது கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்! அது என் கதவுடி!

பஸ்சே திரும்பிப் பாக்குது, பாக்கட்டும். சத்தமாவா பேசினேன்?

என்ன சொன்னா தெரியுமா? "ஆமாக்கா, உன் கதவுதான். யாரும் தொட மாட்டாங்க. நீ வந்து திற. எவ்வளவு நேரமானாலும் நாங்க இருக்கோம்"னா. அதுவும் எப்படி, மாமியார், ஃபாதர், மாடி ஜனம் எல்லாம் கேக்கற மாதிரி நிறுத்தி நிதானமா சொல்றா. பாத்தியா சாமர்த்தியத்தை! இப்ப எல்லாரும் என்ன சொல்வாங்க? எவ்வளவு தங்கமான தங்கச்சி, அக்காவுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறா பாருன்னு சொல்வாங்க. எல்லாப் பேரும் அவளுக்கே. வீடும் அவளுக்கு, பேரும் அவளுக்கு.

கண்டக்டர்! இந்தாப்பா, நிறுத்து, நான் இறங்கணும்!

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா. கல்மண்டபத்துலயே குரல் குடுத்தேனே, காதுல விழலையா?"

விழுந்துச்சு, விழுந்துச்சு. சிக்னல்லயாவது விடுப்பா. அங்க ஒரு கிழவி சுத்தியலைத் தூக்கிக்கிட்டு நிக்குது.

எழுந்திருக்கறேன்மா, கொஞ்சம் இந்தப் பையைப் பிடி. ஆட்டோ பிடிச்சா உடனே போயிடலாம். அந்தோணியம்மாவை நம்ப முடியாது. சுகந்தி சொன்னா கேக்கற பொம்பளை இல்லை அது.

ஆங், ஒரு நிமிஷம். உன் பையில கெட்டி அட்டை ஏதாவது இருக்கா? நோட்டு அட்டை, மாத்திரை டப்பா, எதுவா இருந்தாலும் சரி. எதுக்குன்னா, அந்த சமையல் மேடை மேற்கே சாஞ்சிருக்கு. பாத்தா தெரியாது. ஒரு நாள் தண்ணி ஊத்திப் பாத்தேன், கடகடன்னு மேற்கே ஓடுது. அடுப்பை அப்படியே வச்சா பாலும் மேற்கேதான் வழியும். புது வீட்டுல பால் கிழக்கே இல்ல வழியணும்? மேற்குப் பக்கம் அடுப்புக் காலுக்கு அடியில ஒரு மடிப்பு அட்டை குடுத்தாத்தான் சரியா வரும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லலை. சொல்ல எங்க நேரம் இருந்துச்சு?

இது போதும், இது போதும். பிஸ்கட் டப்பாவா? நல்ல கெட்டி. நாலா மடிச்சா கச்சிதமா இருக்கும்.

வழியட்டும்மா, கிழக்கேயே வழியட்டும். ஏன் மேற்கே வழியணும்? ஆனா அட்டை வச்சதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அந்த வீட்டுல நல்லது ஒண்ணு நடந்தா, அது இந்திராணி கை ராசின்னு அந்த அந்தோணியம்மா வாயால வரணும். வந்தே ஆகணும்.

இதோ சிக்னல் விழுந்துடுச்சு. வழி விடுங்க, வழி விடுங்க, என் வீட்டு வாசல்ல எல்லாரும் நிக்கறாங்க.